மலை ஆட்டு வேட்டைக்கு ரைபிளும் தோட்டாவும் தேர்ந்தெடுப்பது எப்படி

என் முதல் மலை ஆடு கிடந்த இடம், நான் சுட்டபோது அது நின்ற இடத்திலிருந்து 150 மீட்டராவது கீழே இருக்கும். 2016 அக்டோபர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கில் டெரஸ் ஊருக்கு மேலே உள்ள கடலோர மலைகள். 280 கஜ தூரம். குண்டு தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் சரியாகத்தான் பட்டது. மானாக இருந்திருந்தால் கொஞ்ச தூரம் ஓடிப் புல்லில் விழுந்திருக்கும். ஆடு ஐந்தாறு எட்டு நடந்தது, விளிம்பில் ஒரு கணம் நின்றது, அப்புறம் காணவில்லை. நாங்கள் சுற்றிக்கொண்டு இறங்கி அதனிடம் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. ஒரு கொம்பு அடியோடு முறிந்திருந்தது. பின்சப்பை ஒன்றும் முதுகிறைச்சியில் பாதியும் பாறையில் அடிபட்டு இரத்தம் கட்டிப் போயிருந்தன. எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தோம். மீதியை வெட்டி எறிந்தது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

பிரின்ஸ் ஜார்ஜில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இந்த வருடம் குலுக்கலில் மலை ஆட்டுக்கான அனுமதி விழுந்திருக்கிறது. செய்தி வந்த அன்றே போன் செய்தான். "அண்ணா, .300 வின் மேக் வாங்கிடட்டுமா?" என்பதுதான் முதல் கேள்வி. 2016-இல் என் தோளில் தொங்கியதும் அதே .300 வின்செஸ்டர் மேக்னம்தான், அதிக வெடிமருந்தும் அதிக வேகமும் கொண்ட தோட்டாவுக்கான ரைபிள். அவனுக்கு ஒரு மணி நேரம் போனில் சொன்னதை இங்கே இன்னும் விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை ஆடு என்றதும் நம் ஆட்களுக்கு வரையாடு நினைவுக்கு வரும். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதை வேட்டையாடும் பேச்சுக்கே இடமில்லை. நான் சொல்வது வட அமெரிக்காவின் வெள்ளை மலை ஆடு. உலகில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கின்றன. அலாஸ்கா, மொண்டானா, வாஷிங்டன் மலைகளிலும் உண்டு. இங்கே வேட்டைப் பருவம், பகுதி, எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து, அனுமதி பெற்றவர்கள் மட்டுமே வேட்டையாடுகிறார்கள்.

எதைச் சுடப் போகிறோம்

வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். மூஸ் என்ற மிகப் பெரிய மானின் அளவு பெரிய விலங்கு இல்லை. அதனால் சிலர் "மானுக்குப் போதுமானது இதற்கும் போதும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். உயிரைப் போக்கப் போதும் என்பது உண்மை. ஆனால் இந்த விலங்கு நாள் முழுவதும் செங்குத்துப் பாறையில் முன்னங்கால்களால் உடலை இழுத்து ஏறுகிறது. தோள் எலும்பும் அதைச் சுற்றிய தசையும் கனமானவை. நுரையீரலில் அடிபட்டாலும் நின்றுகொண்டே இருக்கும், அல்லது நடக்கும். ஆபத்து வந்தால் அது நடக்கும் திசை எப்போதும் மிகச் செங்குத்தான பாறையை நோக்கித்தான். காலமெல்லாம் ஓநாய்களிடமிருந்து அதைக் காப்பாற்றியது அந்தப் பாறைதானே.

எனவே இந்த வேட்டையில் துப்பாக்கியிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று: ஆடு நின்ற இடத்திலேயே விழுமா? கீழே நான் சொல்லும் ஒவ்வொரு தேர்வும் அந்தக் கேள்வியிலிருந்து வருகிறது.

அக்டோபர், நவம்பரில் ரோமம் நீண்டு தொங்கும். வேட்டைக்காரர்கள் அந்தத் தோலுக்காகவே பருவத்தின் பிற்பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அந்த ரோமம் கண்ணை ஏமாற்றும். முதுகின் மேல் திமில்போல் எழும்பி நிற்பதில் பெரும்பகுதி ரோமமும் முதுகெலும்பின் முள்களும்தான். வயிற்றுக்குக் கீழே தொங்குவதும் ரோமம். வெள்ளை உருவத்தின் நடுவைப் பார்த்துச் சுட்டால் நாம் நினைத்ததைவிட மேலேயோ கீழேயோ போய்விடும். முன்னங்காலின் கோட்டைப் பிடித்து மேலே வந்து, தோளின் நடுவை மனதில் வரைந்துகொள்ளுங்கள்.

முதலில் குண்டு, அப்புறம்தான் தோட்டா

பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும். கடையில் எல்லோரும் தோட்டாவின் பெயரைச் சொல்லி அரை நாள் வாதாடுவார்கள்; பெட்டியில் எந்தக் குண்டு இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். 2016-இல் நானும் பார்க்கவில்லை. மான் வேட்டைக்கு விற்கும், சீக்கிரம் விரிந்து சிதறும் மென்மையான குண்டு அது. நுரையீரலைக் கிழித்தது, தோளைத் தொடவில்லை. தோளில் அடித்திருந்தாலும் அந்த எலும்பைக் கடந்து மறுபக்கம் போயிருக்குமா என்பது சந்தேகம்.

ஆட்டை நின்ற இடத்தில் நிறுத்த நம்பகமான வழி இரண்டு தோள்களையும் உடைப்பது. அதற்கு, எலும்பில் பட்டாலும் சிதறாமல், எடையை இழக்காமல், விரிந்தபடியே ஊடுருவும் குண்டு வேண்டும். அப்படிப்பட்டவை மூன்று வகை.

முதலாவது, நடுவில் தடுப்புச்சுவர் உள்ள குண்டு. இதன் கதை இந்த மாகாணத்திலேயே தொடங்கியது. 1946-இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். உடல் முழுக்கச் சேறு காய்ந்து படிந்திருந்த அந்த மூஸின்மேல் அவருடைய குண்டுகள் ஆழமாக இறங்காமல் சிதறின. அந்த வருத்தத்தில் அவர் வடிவமைத்ததுதான் பார்ட்டிஷன். செம்பு உறைக்குள் குறுக்கே ஒரு சுவர் இருக்கும். சுவருக்கு முன்னால் உள்ள ஈயம் விரியும். பின்னால் உள்ளது அப்படியே நின்று குண்டை உள்ளே தள்ளும். 1948 முதல் விற்பனையில் இருக்கிறது, இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது, ஈயத்தையும் செம்பு உறையையும் பிரியாதபடி ஒட்டவைத்த குண்டு. அக்யூபாண்ட் இந்த வகை. மூன்றாவது முழுச் செம்புக் குண்டு, பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் போன்றவை. நான் இப்போது பயன்படுத்துவது இதுதான். எடையை ஏறக்குறைய முழுதாகத் தக்கவைக்கும். இறைச்சியில் ஈயத் துகள் இருக்காது. வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கும்போது இது எனக்குப் பெரிய விஷயம். செம்பு ஈயத்தைவிட லேசானது என்பதால் அதே எடைக்கு இந்தக் குண்டு நீளமாக இருக்கும். எனவே ஒரு படி எடை குறைந்ததை எடுக்கலாம். .308 தோட்டாவில் ஈயக் குண்டு 165 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அளவு) என்றால், செம்பில் 150 போதும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. குண்டு விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். குண்டைப் பொறுத்து அது பெரும்பாலும் வினாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வரை இருக்கும். செம்புக்கு மேல் எல்லையை வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் தோட்டா எத்தனை கஜத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் தூர வரம்பு, ஸ்கோப்பில் (ரைபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) என்ன எழுதியிருந்தாலும் சரி.

விரியாத முழு உறைக் குண்டு, அதாவது ராணுவப் பயிற்சி வகை, வேட்டைக்குக் கூடாது. இங்கே சட்டத்துக்கும் விரோதம்.

எந்தத் தோட்டா

சரி, பெயர்களுக்கு வருவோம். நல்ல குண்டு போட்டிருந்தால் .270 வின்செஸ்டர், 7 மிமீ-08, .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .280 அக்லி, 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் எதுவும் இந்த ஆட்டுக்குப் போதும். .30-06 பிறந்தது 1906-இல், .270 வந்தது 1925-இல். நூறு வருடமாக மலை வேட்டைக்காரர்கள் இவற்றைச் சுமந்திருக்கிறார்கள். 6.5 கிரீட்மோர் பற்றித் தம்பி கேட்டான். 140 கிரெய்ன் அளவிலான உறுதியான குண்டோடு, 300 கஜத்துக்குள் என்றால் சரி. ஆனால் இரண்டு தோள்களையும் உடைக்க வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் எனக்கு 7 மிமீயிலிருந்து மேலே போவதில்தான் நிம்மதி.

மேக்னம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உதை. மூன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ரைபிளில் .308, 165 கிரெய்ன் குண்டோடு சுட்டால் தோளில் ஏறக்குறைய 18 அடி-பவுண்டு உதை வரும். அதே எடை ரைபிளில் .300 வின் மேக், 180 கிரெய்ன் என்றால் 32 வரை போகும். மலைக்கு லேசான ரைபிள் வேண்டும். லேசான ரைபிளில் மேக்னம் மோசமாக உதைக்கும். இந்த முடிச்சை அவிழ்க்க 2016-இல் நான் கனமான குழல் போட்ட ரைபிளை வாங்கினேன். ஸ்கோப்போடு 4.7 கிலோ. ஏறும்போது தோள்பட்டை எரிந்தது, சுடும் இடத்துக்கு வந்தபோது கைகள் நடுங்கின. அவ்வளவு எடையிலும் உதை பிடிக்காமல், பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஐந்து தோட்டாவுக்கு மேல் நான் சுட்டதே இல்லை. விசையை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. அதை விடுவதற்கு ஒரு குளிர்காலம் முழுக்க, உதை மிகக் குறைந்த சின்னத் தோட்டாவான .22-இல் சுட வேண்டியிருந்தது.

நீங்கள் ஏற்கெனவே மேக்னத்தை இயல்பாகச் சுடுபவர் என்றால் அதையே எடுத்துச் செல்லுங்கள். காற்றில் அது கொஞ்சம் உதவும். புதிதாக வாங்குபவருக்கு என் பதில் .308 அல்லது .270. இரண்டில் எது என்று கேட்டால், உங்கள் ஊர்க் கடையில் நல்ல குண்டு போட்ட பெட்டி எதற்கு எப்போதும் கிடைக்கிறதோ அது. பயணத்தில் தோட்டாப் பை தொலைந்தால் சின்ன ஊரின் கடையிலும் கிடைக்கக்கூடியவை இந்த இரண்டும் .30-06-உம்தான்.

ரைபிள்

என் இலக்கு: ஸ்கோப், வார், மேகசினில் தோட்டாக்கள் எல்லாம் சேர்த்து 3.6 கிலோவுக்குள். அதற்கும் கீழே, இரண்டரை கிலோவுக்கு இறக்கும் ரைபிள்கள் உண்டு. ஆனால் அவ்வளவு லேசானது கையில் நிலையாக நிற்காது. மூச்சு வாங்கும்போது குறுக்குக்கம்பி இதயத் துடிப்போடு குதிக்கும். எனக்கு 3.3 முதல் 3.6 வரைதான் ஏறவும் சுடவும் இரண்டுக்கும் பொருந்தியது. டிக்கா டி3எக்ஸ் லைட் இந்த அளவில் வரும், அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். 22 அங்குலக் குழல் போதும். புதருக்குள் நுழையும்போது நீளக் குழல் ஒவ்வொரு கிளையிலும் மாட்டும்.

கடலோர மலையில் ஒரு வாரம் தங்கினால் நான்கு நாள் மழை. துருப்பிடிக்காத எஃகும், தோளில் ஊன்றும் கட்டை நெகிழியாலானதுமான ரைபிளை வாங்குங்கள். மரக் கட்டை அழகுதான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ஈரத்தில் ஊதிக் குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால் குண்டு போகும் இடம் மாறிவிடும். குழலின் வாயில் ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டிவிடுங்கள். மழையும் பனியும் மண்ணும் உள்ளே போகாது. குண்டு வெளியே வருவதற்கு முன்பே அதற்கு முன்னால் தள்ளப்படும் காற்று டேப்பைப் பிய்த்துவிடும், குறி மாறாது. குழல் அடைத்திருப்பது தெரியாமல் சுட்டால் வெடித்துச் சுடுபவரையே காயப்படுத்தும். எனவே இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

கழற்றும் மேகசின் என்றால் அது உறுதியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள், உபரியாக ஒன்றைப் பையில் வையுங்கள். பாறையில் உரசி மேகசின் விழுந்து, ஒற்றைத் தோட்டாவாக இட்டுச் சுட வேண்டிய நிலைக்கு வந்தவரை எனக்குத் தெரியும். உதையைக் குறைக்கக் குழல் வாயில் பொருத்தும் பிரேக் கருவியை எனக்குப் பிடிக்காது. ஒலியைக் குறைக்கும் குழாய்க்கு கனடாவில் தடை. பிரேக்கோ ஒலியைப் பக்கவாட்டில் திருப்பும். பாறைச் சுவருக்கு அருகில், காதுக்குக் காப்பு போட மறந்த அவசரத்தில், பக்கத்தில் படுத்திருப்பவரின் காது போய்விடும்.

ஸ்கோப்புக்கு 3-9 அல்லது 2.5-10 மடங்கு போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ. இடைவெளி வேண்டும். சரிவில் படுத்து மேல்நோக்கிச் சுடும்போது தலை தானாக முன்னால் போகும், உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். இரவில் ரைபிளைக் கூடாரத்தின் வெப்பத்துக்குள் கொண்டுவராமல், வெளி முகப்பில் உறைக்குள் வையுங்கள். உள்ளே கொண்டுவந்தால் காலையில் கண்ணாடி பனித்துவிடும். போல்டில் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் பகுதி) எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், குளிரில் அது கூழாகும்.

சரிவில் சுடுவது

மலையில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு நாம் எதிர்பார்ப்பதைவிட மேலே போகும். பூமி குண்டை இழுக்கும் அளவைத் தீர்மானிப்பது சாய்வான தூரம் இல்லை, கிடைமட்டத் தூரம். 400 கஜ தூரத்தில், 30 பாகை சரிவில் ஆடு நின்றால் கிடைமட்டத் தூரம் 346 கஜம்தான். 45 பாகை என்றால் 283. 200 கஜத்தில் குறி சரியாகப் படும்படி சரிசெய்த .308, 165 கிரெய்ன் குண்டு 400 கஜத்தில் ஏறக்குறைய 24 அங்குலம் இறங்கும். 346-இல் 15 அங்குலம்தான். முழுத் தூரத்துக்குக் கணக்குப் போட்டுச் சுட்டவரின் குண்டு ஒரு சாண் மேலே போய்விடும். தோளை விட்டு, வெறும் திமில் ரோமத்தில். கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் தூரமானி இருக்கிறது. துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது அதை வாங்குங்கள்.

காற்று இன்னும் கடினம். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில் இதே குண்டு 300 கஜத்தில் 7 அங்குலம் தள்ளப்படும். நீங்கள் நிற்கும் முகட்டில் காற்று ஒரு திசை, நடுவில் உள்ள பள்ளத்தில் வேறு திசை, ஆட்டின் பக்கத்தில் மேல்நோக்கி. இதைக் கணக்கிடும் திறமை எனக்கு இல்லாததால் 300 கஜத்தை என் எல்லையாக வைத்திருக்கிறேன். மலை ஆட்டை மேலிருந்து அணுகினால் அந்தத் தூரத்துக்குள் போவது பெரும்பாலும் முடியும். அது ஆபத்தைக் கீழிருந்தே எதிர்பார்க்கிறது.

பயிற்சியை மேசையில் உட்கார்ந்து முடித்துவிடாதீர்கள். மேசை, ரைபிளைச் சரிபார்க்க மட்டும். அதற்குப் பிறகு முதுகுப்பையைத் தரையில் போட்டு, அதன்மேல் ரைபிளை வைத்துப் படுத்துச் சுடுங்கள். அப்புறம் உட்கார்ந்து, முழங்காலில் ஊன்றி. அப்புறம் 200 மீட்டர் ஓடிவிட்டு வந்து, மூச்சு அடங்குவதற்குள். வேட்டையில் அணியப்போகும் அதே கனமான மேலங்கியைப் போட்டுக்கொண்டு சுடுங்கள். கட்டையின் நீளம் அப்போது வேறு மாதிரி தெரியும். வேட்டைக்கு எடுத்துப் போகும் அதே பெட்டித் தோட்டாவைத்தான் சுட வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் மலிவான தோட்டாவில் சரிசெய்த ரைபிள் வேறு குண்டில் வேறு இடத்தில் அடிக்கும். விமானத்திலோ வண்டியிலோ நீண்ட பயணம் போனால், முகாமுக்குப் போவதற்கு முன் இரண்டு தோட்டா சுட்டுச் சரிபாருங்கள். ஏறும்போது குழலுக்குள் தோட்டா இருக்கவே கூடாது. படுத்து, இலக்கைப் பார்த்த பிறகுதான் உள்ளே தள்ள வேண்டும்.

விசையைத் தொடும் முன்

என்னோடு மலையேறும் மூத்தவர் ஒருவர் நாற்பது வருடமாக இந்த மலைகளில் அலைகிறவர். ஆட்டை ஸ்கோப்பில் பார்த்ததும் அவர் கேட்பது இதுதான்: "அது நிற்கிற இடத்திலேயே செத்தால், உருளுமா?" உருளும் என்றால் காத்திருப்பார். ஒரு முறை நான்கு மணி நேரம், ஈரப் பாறையில், ஆடு எழுந்து ஒரு புல்மேட்டுக்கு வரும்வரை. வரவில்லை. இறங்கி வந்துவிட்டோம்.

அந்தக் காத்திருப்பில் கிடாவா பெட்டையா என்பதையும் உறுதி செய்யுங்கள். இரண்டுக்குமே கொம்பு உண்டு. கிடாவின் கொம்பு அடியில் தடித்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவாக, சீராக வளைந்திருக்கும். பெட்டையின் கொம்பு மெலிந்து, இடைவெளி அகன்று, நுனிக்கு அருகே மட்டும் சட்டென வளையும். சிறுநீர் கழிக்கும்போது கிடா உடலை நீட்டி நிற்கும், பெட்டை குந்தும். பெட்டைகள் பெரும்பாலும் 4, 5 வயதுக்குப் பிறகுதான் முதல் குட்டி ஈனும். ஒரு பெட்டையை இழந்தால் அந்தக் கூட்டம் மீள வருடங்கள் ஆகும். குட்டியையும் குட்டியோடு இருக்கும் பெட்டையையும் சுடுவது இங்கே சட்டப்படி குற்றம். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள்.

முதல் குண்டு பட்டதும் போல்டை இழுத்து அடுத்ததை ஏற்றுங்கள். ஆடு நின்றுகொண்டிருந்தால் மீண்டும் தோளில் சுடுங்கள். ஒரே குண்டில் முடித்தேன் என்ற பெருமை இந்த வேட்டையில் வேண்டாம்.

2019-இல் என் இரண்டாவது கிடா. 190 கஜம், கீழ்நோக்கி, ஒரு சின்னப் புல்மேட்டில் பக்கவாட்டாக நின்றது. .308, 150 கிரெய்ன் செம்புக் குண்டு இரண்டு தோள்களையும் கடந்து வெளியேறியது. முன்னங்கால்கள் மடிந்தன, அப்படியே உட்கார்ந்தது. இரண்டாவது குண்டையும் சுட்டேன். கிடந்த இடம், நின்ற இடத்திலிருந்து ஒரு மீட்டர் கூட இல்லை. தோள் இறைச்சி கொஞ்சம் வீணானது. மற்ற எல்லாம் வீட்டுக்கு வந்தது.

தம்பி போன வாரம் .308 வாங்கிவிட்டான். வரும் சனிக்கிழமை சுடுதளத்துக்கு வருகிறான். முதுகுப்பையில் இருபது கிலோ ஏற்றி, மலையேறும் காலணியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.